சும்மா வரும் தூரம்

பெற்றோல் செட்டில் வண்டியை நிறுத்தியதும் சோலைமலை இறங்கிப் பின்பக்கம் போகிறார். டிக்கியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் காரை மூன்று முறை ஆட்டுகிறார், தொட்டிலை ஆட்டுவதுபோல மெதுவாக. பெற்றோல் நிரம்பிக் குழாய் தானாக நின்றுபோனதும் மறுபடியும் மூன்று ஆட்டு. டாங்கிக்குள் அடைபட்டிருந்த காற்று 'குளுக்' என்று வெளியேறும். இன்னும் கொஞ்சம் இறங்கும். டாங்கியின் வாயில் பெற்றோல் தளும்பி நின்றால்தான் அவருக்குத் திருப்தி.

"மீட்டர் முள்ளு பொய் சொல்லும். நெறஞ்ச டாங்கி பொய் சொல்லாது."

பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்துவைத்தபடியே, மடியில் ஒரு கொப்பியை விரிப்பார். மீட்டரில் இன்றைக்கு நிற்கும் கிலோமீட்டர். போன தடவை டாங்கி நிறைந்தபோது நின்ற கிலோமீட்டர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, இன்று இறங்கிய லீட்டரால் வகுத்தால் ஒரு லீட்டருக்கு வண்டி எவ்வளவு ஓடியது என்பது வந்துவிடும். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அது அவருக்குக் கேட்காது. "நூத்தித் தொண்ணூத்தெட்டு ஓடியிருக்கு. பதினெட்டு லீட்டர் எறங்கியிருக்கு. பதினொண்ணு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாங்கிவந்த மார்க்கைப் பார்க்கிற தகப்பனின் முகம் அப்போது அவருக்கு.

கந்தப்பளை டவுனில் வாடகைக்கு ஹயர் ஓடுகிற சோலைமலைக்கு ஐம்பத்தேழு வயது. மெலிந்த உடம்பு, முழங்கையில் ஒட்டுப்போட்ட மண்ணிறக் கம்பளிச் சட்டை. ஊசிமலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து லொறி ஓட்டிவிட்டு, வேலையை விட்டபோது கிடைத்த சேமலாபப் பணத்தில் ஒரு பழைய சன்னி காரை வாங்கினார். வாங்கும்போது அது வானத்து நீலம். இப்போது மலையில் மழை ஏறிவருகிற நேரத்து நிறம்.

மற்றவர்களுக்குக் கந்தப்பளையிலிருந்து நுவரெலியா பதினொரு கிலோமீட்டர். அவருக்கு அது முக்கால் லீட்டர். திரும்பி வருவதற்கு ஒரு லீட்டர். "போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே ரோடு தான். ஆனா ஒரே தூரம் இல்ல," என்பார். கந்தப்பளையிலிருந்து கீழே ஊசிமலைக்கு ஒன்பது கிலோமீட்டர். அதில் இறங்குவதற்கு ஒரு கோப்பைப் பெற்றோல் போதும், ஏறுவதற்கு ஒண்ணே கால் லீட்டர் வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'சும்மா தூரம்'.

"ஏறும்போது மலை வாங்கிக்கிரும். எறங்கும்போது திருப்பிக் குடுக்கும். முழுசாக் குடுக்காது. ஆனா குடுக்கும்."

ஹயர் இல்லாத மத்தியானங்களில், மூடுபனி கடைத்தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற நேரத்தில், அவர் சீட்டைச் சாய்த்துப்போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கமில்லை. மனசுக்குள் கந்தப்பளையிலிருந்து கடல்வரைக்கும் உருண்டு போய்க்கொண்டிருப்பார். ரம்பொடை வளைவுகள், கம்பளை, கடுகண்ணாவை இறக்கம், மாவனெல்லை, கேகாலை. நடுவில் குறுக்கே நிற்கிற சின்னச் சின்ன மேடுகளை மட்டும் யாராவது வழித்தெடுத்துவிட்டால், ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லாமல் கடற்கரை மணலில் போய் நிற்கலாம் என்பது அவருடைய கனவு. மேலே பெய்கிற மழை அப்படித்தானே போகிறது? அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

"இந்த மனுசன் கார் ஓட்டல, மலையோட பேசிக்கிட்டுத் திரியுது," என்பார் அவர் மனைவி ஜெயந்தினி. தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்கூடையோடு மலையேறுகிற அவர் ஒரு நாளும் தன் நடையைக் கணக்குப் பார்த்ததில்லை.

காற்றடிக்கவும் டயர் பார்க்கவும் சோலைமலை போவது இக்ராம் நானாவின் கடைக்கு. இக்ராம் கம்பிரஸரை முடுக்கிவிட்டு முதலில் கேட்பது சுகத்தையல்ல.

"இண்டைக்கு எத்தின, அண்ணன்?"

"பதினொண்ணு."

"போன கெழம பதினொண்ணர ஈந்திச்சே?"

"போன கெழம லீக்ஸ் மூட்ட ஏத்தல. பனியும் இல்ல. பனியில ரெண்டாவது கியர்லயே ஊரணும், நானா. அது அரக் கோப்ப குடிச்சிரும்."

ஹயர் பேச வருகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஒருமுறை யோகேஸ்வரன் என்ற ஆசிரியர், லீட்டர் முந்நூறு ரூபாய்தானே, இவ்வளவு கேட்கிறீர்களே என்று பேரம் பேசினார். சோலைமலை கோபப்படவில்லை. விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"பெற்றோல் மட்டும் செலவு இல்லீங்க சார். ஒரு கிலோமீட்டருக்குப் பெற்றோல் இருபத்தேழு ரூபா. நாலு டயரும் நாப்பதாயிரம் ஓடுனா தேஞ்சிரும், அதுக்கு ரெண்டு ரூபா. ஒயிலுக்கு ஒண்ணர. கீழ ஊருல பிரேக்குக்கு அம்பது சதம்னா இந்த மலையில ஒரு ரூபா. இன்சூரன்ஸ் இருக்கு, வருசா வருசம் லைசன் இருக்கு. நிப்பாட்டி வச்சிருந்தாலும் வண்டி தின்னும் சார்." கொஞ்சம் யோசித்துக் கடைசி விரலையும் மடக்கினார். "அப்பறம் நானும் ஒரு ஆளு இருக்கேன்ல?"

ஆசிரியர் சிரித்தபடி ஏறிக்கொண்டார். சோலைமலை சிரிக்கவில்லை, தன்னைக் கணக்கில் சேர்த்தது சரிதானா என்ற யோசனை அந்தப் பயணம் முடியும்வரை அவர் முகத்தில் இருந்தது.

அவருடைய கொப்பியில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் உள்ள எண், இத்தனை வருஷத்தில் அந்தக் கார் கொடுத்த மிகப் பெரிய எண்: பதினாறு. இக்ராம் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சோலைமலை பேச்சை மாற்றிவிடுவார்.

அது நாட்டில் பெற்றோல் இல்லாமல்போன வருஷத்து ஜூலை மாதம். நானூற்று எழுபது ரூபாய் கொடுக்க ஆள் இருந்தாலும் செட்டில் எண்ணெய் இல்லை. நுவரெலியாவில் வாகனங்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றன. மனிதர்கள் அவற்றுக்குள்ளேயே சாப்பிட்டுத் தூங்கினார்கள். சோலைமலையின் கார் ஊசிமலையில் அவர் குடியிருக்கும் வரிசை வீட்டு லயத்துக்கு முன்னால், தறப்பாளைப் போர்த்திக்கொண்டு மூன்று வாரமாக நின்றது. டாங்கிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒன்றரை லீட்டர். அதிலும் அடியில் கிடக்கிற கால் லீட்டர் குழாய்க்கு எட்டாது. ஆக ஒண்ணே கால்.

அதை அவர் ஒரு நாளுக்காக வைத்திருந்தார். மகள் சுதர்ஷினிக்கு அபுதாபியில் ஒரு ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் பகுதியில் வேலை கிடைத்திருந்தது. நுவரெலியாவில் பன்னிரண்டு மணிக்குக் கொழும்பு பஸ். மறுநாள் விமானம். மூன்று பேரும் ஒரு பெட்டியும். கந்தப்பளை உச்சிவரைக்கும் ஒண்ணே கால் லீட்டர் தள்ளிக்கொண்டுபோய்விடும், அதற்கப்புறம் உருட்டிவிடலாம். ஸ்பேர் டயர், ஜாக்கி, சாமான் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டார். ஒரு வாரமாக மனசுக்குள் அந்த ரோட்டை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

காலை எட்டரைக்கு மூவரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. சாவியைத் திருகப்போன நேரத்தில் பக்கத்து லயத்து நிலக்ஷியை இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நிறைமாசம். பனிக்குடம் உடைந்திருந்தது. அவள் புருஷன் கொழும்பில், வர பஸ் இல்லை. தோட்டத்து லொறி டீசலுக்காக எங்கேயோ வரிசையில் நின்றது.

"மாமா," என்றாள் நிலக்ஷி. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சோலைமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான்கு பேர், ஒரு பெட்டி. அவர் உதடு அசைந்தது. எண்களை அசைபோடுகிறார் என்று ஜெயந்தினிக்குத் தெரியும். உச்சிக்கு முந்திய இரண்டு வளைவுகளில் வண்டி நின்றுவிடும். நடு ரோட்டில், பிரசவ வலியோடு ஒரு பெண்.

"ஒரு ஆள் எறங்கணும்," என்றார் கடைசியில். யாரையும் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

சுதர்ஷினி அதற்குள் கதவைத் திறந்திருந்தாள். "அம்மா போகட்டும்பா. வழியில புள்ள பொறந்துட்டா எனக்கு என்ன தெரியும்?" பெட்டியைத் தானே இழுத்து இறக்கினாள். "நான் குறுக்குப் பாதையில ஏறி வந்துர்றேன். டவுன்ல எதாவது கெடைக்கும்." புதுச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அயல்வீட்டுக்காரர் இரண்டு பேர் பெட்டிக்குக் கை கொடுத்தார்கள். தேயிலைக்கு நடுவே செங்குத்தாகப் போகிற பாதையில் அவள் சிவப்புத் தாவணி ஏறுவதை அவர் இரண்டாவது வளைவுவரைக்கும் கண்ணாடியில் பார்த்தார். பிறகு மூடுபனி.

முட்டையின்மேல் கால் வைத்ததுபோல அக்ஸிலேட்டரை மிதித்தார். எந்த வளைவில் வேகம் பிடிக்க வேண்டும், எந்த வளைவில் கியர் மாற்றாமல் தப்பலாம் என்று இத்தனை வருஷம் விளையாட்டாகச் சேர்த்துவைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தது. நிலக்ஷியின் முனகல் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் நெருங்கிவந்தது. உச்சிக்கு நூறு மீட்டர் இருக்கும்போது எஞ்சின் ஒருமுறை இருமியது.

"ஏங்க..." என்றார் ஜெயந்தினி.

"என்னப் பாக்காத. புள்ளையப் பாரு."

கந்தப்பளைக் கடைத்தெருவைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. ஆனால் கார் நிற்கவில்லை. மலை திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது.

அந்த மௌனத்தைப் பற்றி அவர் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. டயர் ஈரத் தாரில் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஜன்னல் இடுக்கில் நுழைகிற காற்று. பின்சீட்டில் ஒரு பெண் மூச்சை எண்ணி எண்ணி விடுவது. இருபுறமும் கோவா மரக்கறித் தோட்டங்களும் வெங்காயத்தாள்போன்ற லீக்ஸ் பாத்திகளும் சவுக்கு மரங்களும் பனிக்குள்ளிருந்து வந்து, பனிக்குள்ளேயே போயின. எஞ்சின் இல்லாத பிரேக் கல்லைப்போல இறுகிக்கிடந்தது. இரண்டு காலையும் சேர்த்து மிதித்துத்தான் வளைவுகளில் வண்டியை அடக்கினார். "அது கூடாத வேல. சொல்லித்தரக் கூடாத வேல," என்று இப்போதும் சொல்லுவார். நுவரெலியா டவுனுக்கு முன்னால் ஒரு மேடு. அதற்கு முந்திய இறக்கத்தில் அவர் பிரேக்கைத் தொடவில்லை. கார் மேட்டில் ஏறியது. ஓட்டம் நடையாயிற்று, நடை தவழ்தலாயிற்று.

அந்த இடத்தில்தான் பெற்றோல் வரிசையின் வால் இருந்தது. நாள் கணக்கில் முகம் கழுவாத ஆட்கள். எஞ்சின் சத்தமில்லாமல் ஒரு கார் வருவதை முதலில் வேடிக்கை பார்த்தார்கள். உள்ளேயிருந்து வந்த அலறலைக் கேட்டதும் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். தமிழிலும் சிங்களத்திலும் "தள்ளு, தள்ளு" என்று ஒரே கூச்சல். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்துவிட்டு, வரிசையில் இடம் போய்விடும் என்று திரும்பி ஓடினார்கள். முக்கால் மணி நேரத்தில் நிலக்ஷிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சோலைமலை அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பன்னிரண்டு மணி பஸ் புறப்பட்டது. அதில் சுதர்ஷினி இல்லை. அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அப்பா, கந்தப்பளையில பஸ்ஸே இல்ல. கொழும்புக்குப் போற லீக்ஸ் லொறி ஒண்ணு வந்துச்சு, ஏறிட்டேன். நுவரெலியா டவுன்ல நிப்பாட்டச் சொல்லிக் கேட்டேன், நிப்பாட்டல. ரம்பொட தாண்டிட்டேன்பா."

"சரி தாயி. இனி எறக்கந்தான். பயப்படாமப் போ," என்றார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி மதிலோரம் நின்ற காரில் உட்கார்ந்து, பழக்கத்தில் கொப்பியை எடுத்தார். இருபது கிலோமீட்டர். ஒண்ணே கால் லீட்டர். பதினாறு. எழுதிவிட்டு உடனே பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

இரண்டு வருஷ ஒப்பந்தம் மூன்று வருஷமாயிற்று. போன மாதம் அவள் வருவதாகச் செய்தி வந்ததும் ஜெயந்தினி ஒரு வேன் பிடிக்கச் சொன்னார். இந்தக் கிழட்டுக் கார் கட்டுநாயக்கா வரைக்கும் போகுமா என்பது அவர் பயம்.

சோலைமலை கொப்பியை விரித்தார். "போக நூத்தித் தொண்ணூறு. எறக்கம், லீட்டருக்குப் பதினாலு குடுக்கும். வர நூத்தித் தொண்ணூறு, பத்தர குடுக்கும். மொத்தம் முப்பத்திரண்டு லீட்டருக்குள்ள. பத்தாயிரம் ரூபா கூட ஆகாது. வேனுக்கு இருபத்தஞ்சு கேப்பான்."

"காசுக்கா சொல்றீங்க?"

"இல்ல," என்றார். கொப்பியில் பதினாறு எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

ஜெயந்தினி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அப்போ நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் சமைச்சு வச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார்.

ஒரு வாரம் காரோடு கிடந்தார். பிளக் மாற்றினார், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார், இக்ராமிடம் போய் நான்கு டயரின் காற்றையும் இரண்டுமுறை அளந்தார். முதல் நாளே புறப்பட்டு, கனவில் உருண்ட ரோட்டில் நிஜமாகவே இறங்கினார். நடுவில் இருந்த மேடுகள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன.

விமான நிலையத்து வாசலில் காலை ஏழு மணிக்கு அவள் வந்தாள். முகம் உருண்டிருந்தது, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், தள்ளுவண்டியில் இரண்டு பெட்டியும் ஒரு பெரிய கம்பளியும். காரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதுவாப்பா? இன்னும் ஓடுதா?"

"பதினொண்ணு குடுக்குது."

கேகாலையில் ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தியபோதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"அன்னிக்கு ஒன்ன எறக்கி விட்டுட்டேன்."

"நானாத்தானே எறங்குனேன்."

"நான் சொன்னதுனாலதானே எறங்குன."

அவள் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றினாள். "லொறிக்காரரு லீக்ஸ் மூட்டைக்கு மேல ஒக்கார வச்சாருப்பா. அபுதாபியில போய் எறங்குற வரைக்கும் என் துணியெல்லாம் லீக்ஸ் வாசம். பக்கத்து சீட்டு ஆளு மூக்கப் பொத்திக்கிட்டே வந்தான்." அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கத் தொடங்கினார். பிறகு எழுந்துபோய், சுத்தமாகவே இருந்த முன்கண்ணாடியை ஒரு துணியால் வெகு நேரம் துடைத்தார்.

ரம்பொடையில் ரேடியேட்டர் கொதித்தது. அருவித் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் ஆறவிட்டார்கள். நுவரெலியாவைத் தாண்டும்போது சுதர்ஷினி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டாள். கந்தப்பளையில் இக்ராம் கடையிலிருந்து ஓடிவந்தார். சோலைமலை உதட்டில் விரலை வைத்தார். இக்ராம் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பின்வாங்கினார்.

அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். வழியில் ஆளோ வண்டியோ இல்லை. சாயங்கால வெயில் தேயிலையின்மேல் சாய்ந்துகிடந்தது. அதன்மேல் மெல்லிய பனி இழை பிரிந்து நகர்ந்தது. வளைவுகளையெல்லாம் கியரிலேயே இறங்கினார். கடைசி நேர் ரோடு வந்ததும், எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிட்டார். லயத்து முற்றம்வரைக்கும் கார் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

முற்றம் சரிவானது. ஜெயந்தினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். சுதர்ஷினியின் தலை கதவோரம் சாய்ந்திருந்தது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. சோலைமலையின் கை ஹேண்ட் பிரேக்கின்மேல் போயிற்று. பழைய பிரேக். இழுத்தால் கறகறவென்று லயமே திரும்பிப் பார்க்கும். கியரில் போட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். கையை எடுத்துவிட்டார். கல்லாக இறுகிக்கிடந்த பிரேக்கை வலது காலால் முழுப் பலத்தோடும் மிதித்துப் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்த மனைவியைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்று உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.